கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு வயிறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உணவு ஆய்வகத்தில் வேலை என்று சொன்னதும் சொந்தக்காரர்கள் கேட்பது "அப்போ தினமும் ருசி பார்க்கிற வேலையா?" என்றுதான். இல்லை. என் வேலையில் பெரும்பகுதி, நல்ல சாப்பாட்டைக் கூழாக அரைத்துக் குழாயில் போட்டு, பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த நொதியை ஊற்றி, நாலு மணி நேரம் குலுக்கி, கடைசியில் வருகிற கலங்கல் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று அளப்பது, அதாவது வயிற்றில் நடக்கும் செரிமானத்தைக் குழாயில் நடத்திப் பார்ப்பது. இதைப் பற்றிக் கல்யாண வீட்டுப் பந்தியிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் கேள்விகள் திரும்பத் திரும்ப அதேதான் என்பதால், ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட்டால் சுட்டியை அனுப்பித் தப்பித்துக்கொள்ளலாம் என்று இதை எழுதுகிறேன்.

ஆய்வகத்தில் "செரிக்க வைப்பது" என்றால் உண்மையில் என்ன நடக்கிறது?

ஒரு இட்லியை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து 5 கிராம். அதை மசித்து, 5 மி.லி. செயற்கை உமிழ்நீர் சேர்க்க வேண்டும். செயற்கை உமிழ்நீர் என்றால் பொட்டாசியம், சோடியம், பைகார்பனேட் எல்லாம் அளந்து கரைத்த உப்புத்தண்ணீர், கொஞ்சம் கால்சியம், மாவுச்சத்தை உடைக்கிற அமைலேஸ் நொதி, அவ்வளவுதான். 37 டிகிரியில் 2 நிமிடம். இது வாய்.

அடுத்தது இரைப்பை. இப்போது கையில் 10 மி.லி. இருக்கிறது, அதே அளவுக்கு இரைப்பை நீர் சேர்த்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பி.எச். 3 வரும் வரை இறக்க வேண்டும் (பி.எச். என்பது அமில அளவுகோல், எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). ஒரு மி.லி.க்கு 2000 அலகு பெப்சின், புரதத்தை உடைக்கிற நொதி. மூடியை இறுக்கி 2 மணி நேரம் சுழல விடுகிறோம். அப்புறம் சிறுகுடல்: மறுபடி அதே அளவு, அதாவது 20 மி.லி. குடல் நீர், பி.எச்.ஐ 7க்கு ஏற்றி, பேன்கிரியாட்டின் என்கிற கணைய நொதிக் கலவையும் பித்தமும் சேர்த்து இன்னும் 2 மணி நேரம். 5 கிராம் இட்லி 40 மி.லி. மஞ்சள் பச்சைக் கலங்கலாக வந்து நிற்கும். அதற்குப் பிறகு அதை இட்லி என்று அடையாளம் சொல்ல யாராலும் முடியாது.

வாசனையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. பேன்கிரியாட்டின் டப்பாவைத் திறந்தால் பழைய எலும்புத்தூள் மாதிரி ஒரு வாடை. பித்தம் அதைவிட மோசம். இரண்டும் சேர்ந்து 37 டிகிரியில் வெதுவெதுப்பாக இருக்கும்போது, பக்கத்து மேஜையில் இருப்பவர் எழுந்து போய்விடுவார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் குடல் கட்டத்தைத் தொடங்கக் கூடாது என்பது எங்கள் ஆய்வகத்தின் எழுதப்படாத விதி.

மெல்வது யார்?

இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிப்பவர்கள்தான் அதிகம், ஆனால் இது நல்ல கேள்வி. பெரும்பாலும் இறைச்சி அரைக்கும் சின்ன இயந்திரமோ உரலோதான் மெல்லும். சில ஆய்வகங்களில் தன்னார்வலர்களை மென்று துப்பச் சொல்வதும் உண்டு.

எவ்வளவு பொடியாகிறது என்பது முடிவையே மாற்றிவிடும். கொண்டைக்கடலையைச் சுண்டலாக வேகவைத்தால் அதன் செல்சுவர்கள் பெருமளவு உடையாமல் இருக்கின்றன. மாவுச்சத்து அந்தச் சுவருக்குள் பூட்டிக் கிடக்கிறது, நொதி உள்ளே போகத் திணறுகிறது. அதே கடலையை முதலிலேயே மாவாக அரைத்துவிட்டு வேகவைத்தால் மாவுச்சத்து சட்டென்று சர்க்கரையாக உடைகிறது. பாதாம் கொழுப்பும் இதே கதைதான், கடித்து உடையாத செல்லுக்குள் இருக்கிற எண்ணெய் அப்படியே வெளியே போய்விடும். ஆகவே "இந்தப் பருப்பில் இவ்வளவு கொழுப்பு" என்று சத்துப் பட்டியலில் போட்டிருப்பதும் உங்கள் குடலுக்குக் கிடைப்பதும் ஒன்றல்ல, பல் எவ்வளவு வேலை செய்தது என்பது நடுவில் இருக்கிறது.

இந்த அளவுகளை யார் முடிவு செய்தார்கள்? 2 மணி நேரம், பி.எச். 3 என்றெல்லாம்?

பல வருடங்களுக்கு ஆளாளுக்கு ஒரு செய்முறை வைத்திருந்தார்கள். ஒருவர் இரைப்பைக்கு பி.எச். 1.2 என்பார், இன்னொருவர் 2 என்பார், மூன்றாமவர் 4 என்பார். பித்தம் ஒருவர் போடுவார், ஒருவர் போட மாட்டார். முடிவுகளை ஒப்பிடவே முடியாது. ஐரோப்பாவில் தொடங்கிய இன்ஃபோஜெஸ்ட் என்கிற ஆய்வாளர் வலையமைப்பு உட்கார்ந்து பேசி, 2014இல் ஒரு பொதுச் செய்முறையை வெளியிட்டது; 2019இல் அதைத் திருத்தி இரண்டாம் பதிப்பு வந்தது. மேலே இட்லிக்குச் சொன்னது அதுதான். இன்று உலகம் முழுக்க அதிகமாகப் பயன்படுவது இதுவே.

ஆனால் ஒன்று. பி.எச். 3 என்பது ஒரு சமரசம். நிஜ வயிற்றில் சாப்பிட்டவுடன் பி.எச். 5, 6 வரைக்கும் கூட ஏறிவிடும், ஏனென்றால் சாப்பாடே அமிலத்தை உறிஞ்சிக்கொள்கிறது, அப்புறம் அமிலம் சுரக்கச் சுரக்க மெல்ல மெல்ல 2க்குக் கீழே இறங்கும், அதற்குள் பாதிச் சாப்பாடு ஏற்கெனவே குடலுக்குப் போயிருக்கும். குழாய்க்குள் இந்த ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. மொத்தச் சாப்பாடும் ஒரே அமிலத்தில் 2 மணி நேரம் ஊறுகிறது. எல்லோரும் ஒத்துக்கொள்ளும்படி ஒரு எண்ணைப் பிடித்தார்கள், அவ்வளவுதான்.

இது புதிய விஷயமா?

இல்லவே இல்லை. இத்தாலிய ஆய்வாளர் ஸ்பல்லன்சானி 18ஆம் நூற்றாண்டிலேயே பறவைகளின் இரைப்பை நீரைச் சேகரித்து, இறைச்சித் துண்டோடு சின்னக் குழாயில் அடைத்து, சூடு வேண்டுமே என்று அக்குளில் வைத்துக்கொண்டு திரிந்தார். அந்தக் காலத்து 37 டிகிரி இன்குபேட்டர் அதுதான்.

அதற்கப்புறம் 1822 ஜூனில் அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்கிற இளைஞருக்குத் துப்பாக்கிக் குண்டு பட்டு, வயிற்றில் ஓட்டை மூடாமலே ஆறிவிட்டது. சிகிச்சை செய்த ராணுவ மருத்துவர் வில்லியம் போமாண்ட் அந்த ஓட்டை வழியாக நூலில் கட்டிய இறைச்சியை உள்ளே விட்டு விட்டு எடுத்துப் பார்த்தார். (அந்த இளைஞர் இதையெல்லாம் விரும்பிச் செய்தாரா என்றால், இல்லை. இன்றைக்கு எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காது.) 1825இல் போமாண்ட் செய்த ஒரு சோதனைதான் எங்கள் துறைக்குப் பிள்ளையார் சுழி: வேகவைத்த மாட்டிறைச்சியில் ஒரு துண்டை வயிற்றுக்குள் தொங்கவிட்டார், இன்னொரு துண்டை அதே வயிற்றிலிருந்து எடுத்த நீரோடு குப்பியில் போட்டு வெந்நீரில் வைத்தார். வயிற்றுக்குள் 2 மணி நேரத்தில் காணாமல் போனது. குப்பியில் கரைய 10 மணி நேரம் ஆனது.

அதே நீர், அதே இறைச்சி, ஐந்து மடங்கு வித்தியாசம். வயிறு பிசைகிறது, புது அமிலம் ஊற்றுகிறது, கரைந்ததைக் கீழே தள்ளுகிறது. குப்பி சும்மா இருக்கிறது. 200 வருடமாக எங்கள் துறை இந்த வித்தியாசத்தைத்தான் துரத்திக்கொண்டிருக்கிறது.

பழைய சோற்றில் இரும்புச்சத்து ராத்திரியில் இருபது மடங்கு பெருகுகிறதாமே, ஆய்வகத்திலேயே நிரூபித்திருக்கிறார்களாமே?

இந்த ஃபார்வர்டு எனக்கு மாதம் ஒருமுறை வருகிறது. 100 கிராம் சோற்றில் 3.4 மி.கி. இருந்த இரும்பு 12 மணி நேரம் ஊறியதும் 73.91 மி.கி. ஆகிவிடுகிறது என்று தசமப் புள்ளி இரண்டு இடத்தோடு இருக்கும். தசமப் புள்ளியைப் பார்த்தால் நம்மாட்களுக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது.

இரும்பு ஒரு தனிமம். பானைக்குள் ராத்திரியில் பிறக்காது. பாக்டீரியா வைட்டமினை உண்டாக்கலாம், அமிலத்தை உண்டாக்கலாம், இரும்பை உண்டாக்க முடியாது. முதல் எண்ணே இடிக்கிறது: ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணைப்படி தீட்டிய அரிசியில் 100 கிராமுக்கு இரும்பு 0.65 மி.கி. வாக்கில்தான். அது அரிசி, சோறாக்கித் தண்ணீர் சேர்ந்த பிறகு இன்னும் குறையும்.

சரி, அப்படியென்றால் எல்லாம் பொய்யா? முழுப் பொய் இல்லை. தானியத்தில் இருக்கும் இரும்பைப் பைட்டிக் அமிலம் என்ற ஒன்று கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கிறது. புளிக்கும்போது பி.எச். இறங்கி, பைட்டேஸ் என்கிற நொதி வேலை செய்து, அந்தப் பிடி தளர்கிறது. அதனால் ஏற்கெனவே இருந்த இரும்பில் கரைந்து வெளியே வருகிற பங்கு கூடுகிறது. முளைகட்டிய கேழ்வரகிலும் இட்லி மாவிலும் நடப்பது இதுதான். ஆய்வகத்தில் இப்படி அளப்பது "விடுபட்ட இரும்பு". ஃபார்வர்டில் வருவது "மொத்த இரும்பு". இந்த ஒரு சொல் மாற்றத்தில்தான் எங்கள் துறை பற்றிய பாதித் தவறான செய்திகள் பிறக்கின்றன. பழைய சோறு சாப்பிடுங்கள், நானும் சின்ன வெங்காயத்தோடு சாப்பிடுகிறேன், 73.91க்காக வேண்டாம்.

விடுபட்டது எல்லாம் உடம்பில் சேர்ந்துவிடுமா?

சேராது. மூன்று படி இருக்கிறது. உணவில் எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்று. செரிமானத்தில் எவ்வளவு கரைந்து, உறிஞ்சத் தயாராக நிற்கிறது என்பது இரண்டு. குடல் சுவரைத் தாண்டி, கல்லீரலைத் தாண்டி, உடம்பு உண்மையில் எவ்வளவு பயன்படுத்துகிறது என்பது மூன்று. குலுக்கும் குழாய்க்குத் தெரிந்தது இரண்டாவது மட்டுமே.

அந்த இரண்டாவதை அளக்க எளிய வழி, டயாலிசிஸ் பை. 1981இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் மில்லரும் சகாக்களும் இரும்புக்காக உருவாக்கியது. செரித்த கூழுக்குள் பொடித் துளைகள் கொண்ட ஒரு சவ்வுப் பையைப் போடுகிறார்கள், பைக்குள் சோடியம் பைகார்பனேட் கரைசல். அது கசிந்து கூழின் அமிலத்தை மெல்லச் சமன்படுத்துகிறது, அதே நேரத்தில் சின்ன மூலக்கூறாகக் கரைந்த இரும்பு பைக்குள் வருகிறது. உள்ளே வந்தது எவ்வளவு என்று அளந்தால் முடிந்தது.

மைசூரு சி.எஃப்.டி.ஆர்.ஐ. (மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம்) ஆய்வாளர்கள் இந்த வழியில் நம்மூர்ச் சாப்பாட்டை வருடக்கணக்காக அளந்திருக்கிறார்கள். தானியங்களில் இருக்கும் இரும்பில் இப்படி விடுபடுவது 4 முதல் 8 சதவீதம் வாக்கில்தான் என்று அவர்கள் கண்டார்கள். அதோடு வெங்காயம், பூண்டு சேர்த்தால் அது கணிசமாகக் கூடுகிறது என்றும் கண்டார்கள். மாங்காய்ப் பொடியும் கூட்டியது, புளி அப்படிக் கூட்டவில்லை, புளியில் இருக்கும் டானின் என்கிற துவர்ப்புப் பொருள் அதன் அமிலம் செய்கிற நன்மையை அழித்துவிடுகிறது என்பது அவர்கள் விளக்கம். இதைப் படித்தபோது சாம்பார் பக்கம் எனக்கு ஒரு சின்ன வருத்தம் வந்தது உண்மை.

முருங்கைக்கீரையின் பீட்டா கரோட்டினுக்கு டயாலிசிஸ் பை உதவாது, அது எண்ணெயில் கரைவது. பித்தமும் கொழுப்பும் சேர்ந்து உண்டாக்கும் நுண்ணிய மிசெல் துளிகளுக்குள் அது ஏற வேண்டும். கூழை அதிவேகமாகச் சுழற்றிப் பிரித்து, தெளிந்த பகுதியில் எவ்வளவு கரோட்டின் என்று பார்க்கிறோம். கீரையை வெறும் தண்ணீரில் வேகவைத்துச் செரிக்க வைத்தால் தெளிவு வெளிறிப்போய் இருக்கும், ஒரு ஸ்பூன் எண்ணெய் சேர்த்தால் கண்ணுக்கே தெரிகிற மாதிரி மஞ்சள் ஏறும்.

அப்போ உறிஞ்சுவதை எப்படி அளக்கிறீர்கள்? குடல் சுவர் வேண்டாமா?

வேண்டும். அதற்குத்தான் கேகோ-2. இது 72 வயது ஒருவரின் பெருங்குடல் புற்றுநோயிலிருந்து 1970களில் எடுத்து வளர்த்த செல் வரிசை, அதாவது ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகிக்கொண்டே இருக்கும் செல்கள். வினோதம் என்னவென்றால், பெருங்குடலிலிருந்து வந்த இந்தச் செல்களை ஒரு துளைச் சவ்வின்மேல் 21 நாள் வளரவிட்டால் அவை சிறுகுடல் செல்களைப் போல நடந்துகொள்ள ஆரம்பிக்கின்றன. தலைப்பக்கம் மயிரிழை போன்ற நுண்விரல்கள் முளைக்கின்றன, பக்கத்துச் செல்லோடு இறுகி ஒட்டிக்கொள்கின்றன. மேல் அறை குடலின் உட்பக்கம், கீழ் அறை ரத்தத்தின் பக்கம். மேலே செரித்த கூழை ஊற்றி, கீழே என்ன வருகிறது என்று பார்ப்பது. இடையில் சுவர் ஓட்டை விழாமல் இருக்கிறதா என்று மின்தடையை அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

இந்த 21 நாளைப் பற்றிப் பிஎச்.டி. மாணவர்களைக் கேளுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் பழைய ஊட்டக் கரைசலை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். செல்லுக்குப் பொங்கல் தெரியாது, தீபாவளி தெரியாது. ஊரில் பானை பொங்கிக்கொண்டிருக்க, நான் காலி ஆய்வகத்தில் கையுறை போட்டுக்கொண்டு 12 குழித்தட்டோடு உட்கார்ந்திருந்த தை முதல் நாள் ஒன்று உண்டு. அதன்பிறகு பத்தொன்பதாம் நாள் பூஞ்சை வந்து மொத்தத் தட்டையும் தூக்கி எறிந்ததும் உண்டு.

இன்னொரு தலைவலி, பித்தம். அது செரித்த கூழில் இருக்கிறது, அது இந்தச் செல்களைக் கொன்றுவிடும். நிஜக் குடலில் சளிப்படலம் காப்பாற்றுகிறது, கேகோ-2வுக்குச் சளி கிடையாது. ஆகவே கூழை நன்றாக நீர்க்க வைக்கிறோம், அல்லது நடுவில் ஒரு சவ்வு வைக்கிறோம், அல்லது சளி சுரக்கும் எச்.டி.29-எம்.டி.எக்ஸ். செல்களையும் கலந்து வளர்க்கிறோம்.

இரும்புக்கு ஒரு அழகான குறுக்கு வழி உண்டு. செல்லுக்குள் இரும்பு போனால் அதைப் பூட்டிவைக்க ஃபெரிட்டின் என்ற புரதத்தைச் செல் தானே செய்கிறது. ஆகவே இரும்பைத் தேடி அலையாமல் ஃபெரிட்டினை அளந்தால் போதும். அமெரிக்க வேளாண் துறையின் இத்தாக்கா ஆய்வகத்தில் ரேமண்ட் கிளான் 1998இல் கொண்டுவந்த முறை இது. ஒரே வாரத்தில் பல பருப்பு ரகங்களை ஒப்பிட இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

மஞ்சளோடு மிளகு சேர்த்தால் 2000 சதவீதம் உறிஞ்சுகிறது என்கிறார்களே, அது இந்தக் குழாயில் தெரியுமா?

குலுக்கும் குழாயில் தெரியாது. அந்த 2000 சதவீதம் 1998இல் பெங்களூருவில் மனிதர்களிடம் நடத்திய ஆய்வில் வந்தது. 2 கிராம் குர்குமினோடு (மஞ்சளின் நிறப்பொருள்) 20 மி.கி. பைப்பரின் (மிளகின் காரப்பொருள்). பைப்பரின் செய்வது குர்குமினைக் கரைப்பது அல்ல, குடல் சுவரும் கல்லீரலும் அதைப் பிடித்துக் கழிவாக மாற்றி வெளியேற்றுவதைத் தடுப்பது. எங்கள் குழாய்க்குக் கல்லீரல் கிடையாது. (குர்குமின் தனியாகப் போனால் ரத்தத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியாது, அதன் இருபது மடங்கு என்பதும் சின்ன அளவுதான். அப்புறம், 2 கிராம் குர்குமின் என்பது ரசத்தில் போடுகிற ஒரு சிட்டிகை மஞ்சள் இல்லை.)

அசையும் வயிறு, இயந்திரக் குடல் எல்லாம் இருக்கிறதாமே?

இருக்கிறது, விலைதான் எட்டாது. நெதர்லாந்தின் டி.என்.ஓ. நிறுவனம் 1990களில் செய்த டிம்-1 ஒரு கண்ணாடி அலமாரி மாதிரி இருக்கும். இரைப்பை, முன்சிறுகுடல், நடுச்சிறுகுடல், பின்சிறுகுடல் என்று நான்கு அறைகள். ஒவ்வொன்றும் கண்ணாடி உறைக்குள் ஒரு மெல்லிய நெகிழ் குழாய், வெளியே வெந்நீர். நீரின் அழுத்தத்தை ஏற்றி இறக்கினால் குழாய் பிசைகிறது. அமிலமும் பித்தமும் கணினி சொல்கிற நேரத்தில் சொட்டுகின்றன, கரைந்தது நுண்குழாய்ச் சவ்வு வழியே அவ்வப்போது வெளியேறுகிறது. போமாண்டின் குப்பிக்கு இல்லாதது எல்லாம் இதற்கு உண்டு. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 2010இல் செய்த இரைப்பைப் பொம்மை வேறு வகை: ரப்பர் பை, அதை வெளியிலிருந்து உருளைகள் நெருக்கி நெருக்கிக் கீழே தள்ளும், நிமிடத்துக்கு மூன்று அலை, நம் வயிற்றைப் போலவே.

பெருங்குடலுக்கு பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் 1993இல் வந்த ஷைம் என்கிற கருவி. ஐந்து குடுவைகள் வரிசையாக, கடைசி மூன்றும் பெருங்குடல். ஆக்சிஜன் படாமல் வைத்து, உள்ளே விடுவது ஒரு மனிதரின் மலத்திலிருந்து எடுத்த பாக்டீரியா. ஆமாம், யாராவது கொடுக்க வேண்டும். பெருங்குடல் பாக்டீரியா நார்ச்சத்தைத் தின்று என்ன அமிலம் விடுகிறது என்பதை வாரக்கணக்கில் பார்க்க இது ஒரு நல்ல வழி, ஆனால் யாருடைய மலம் என்பதைப் பொறுத்து முடிவும் மாறும்.

இதற்கெல்லாம் மேலே, 2012இல் ஹார்வர்டின் வீஸ் நிறுவனம் பென் டிரைவ் அளவுள்ள ஒரு சில்லில் குடலைச் செய்தது. கேகோ-2 செல்களைச் சிலிகோன் சவ்வில் வளர்த்து, பக்கத்தில் வெற்றிடம் கொடுத்து 10 சதவீதம் இழுத்து விட்டு விட்டு அசைத்தார்கள். தட்டில் தட்டையாகக் கிடந்த அதே செல்கள் திரவ ஓட்டமும் அசைவும் கிடைத்ததும் குடலுறிஞ்சி போல மடிப்பு மடிப்பாக எழுந்தன. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த விஷயம் இதுதான்.

ஒரே உணவுக்கு இரண்டு ஆய்வகங்கள் இரண்டு எண் சொல்வது ஏன்?

பெரும்பாலும் நொதி. டப்பாவில் எழுதியிருக்கும் வீரியத்தை நம்பக் கூடாது, வாங்கிய ஒவ்வொரு முறையும் நாமே அளக்க வேண்டும். நான் முதல் வருடத்தில் இதைச் செய்யாமல், ஃப்ரீசர் கதவு ஒரு வார இறுதி முழுக்கச் சரியாக மூடாமல் கிடந்ததும் தெரியாமல், மூன்று வாரம் ஓட்டிய சோதனையில் சோயாவும் கொள்ளும் கிட்டத்தட்ட செரிக்கவே இல்லை என்று முடிவு வந்து, ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாகவே நினைத்தேன். வழிகாட்டி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ட்ரிப்சின் ஆக்டிவிட்டி எவ்வளவு?" (ட்ரிப்சின் என்பது பேன்கிரியாட்டினில் புரதத்தை உடைக்கிற நொதி, ஆக்டிவிட்டி அதன் வீரியம்.) அவ்வளவுதான், மூன்று வாரமும் போச்சு.

இன்னொன்று, வெறும் குழாய். உணவே போடாமல் நொதி, உப்பு, பித்தம் மட்டும் வைத்து ஓட்டும் குழாய் ஒன்று கூடவே இருக்க வேண்டும், ஏனென்றால் பேன்கிரியாட்டின் தானே ஒரு புரதம், தன்னையே செரித்துக்கொள்ளும், அதில் இரும்பும் உண்டு. அதைக் கழிக்காமல் சொல்லும் எண் எதுவும் எண் இல்லை.

சர்க்கரை நோயாளிகளுக்கான அரிசி, "ஆய்வகத்தில் சோதித்த குறைந்த ஜி.ஐ." என்று விற்கிறார்களே?

எந்த ஆய்வகம், எதை வைத்து என்று கேளுங்கள். ஜி.ஐ., அதாவது கிளைசீமிக் இண்டெக்ஸ், ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று சொல்லும் எண். 1981இல் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் கொண்டுவந்தது, அது மனிதர்களிடம் மட்டுமே அளப்பது. ஐ.எஸ்.ஓ. 26642 என்ற சர்வதேச விதிப்படி குறைந்தது 10 பேர் சாப்பிட்டு, 2 மணி நேரம் விரல் நுனியில் குத்திக் குத்தி ரத்தம் கொடுக்க வேண்டும். சென்னையிலேயே இப்படி அளக்கும் இடம் உண்டு.

குழாயில் அளப்பது வேறு. 1992இல் எங்லிஸ்ட் என்கிற ஆய்வாளர் சொன்ன முறைப்படி 20 நிமிடத்தில் குளுக்கோஸாக உடைவது வேகமாகச் செரிக்கும் மாவுச்சத்து, 120 நிமிடம் வரை உடைவது மெதுவானது, அதற்கும் உடையாதது எதிர்ப்பு மாவுச்சத்து. இதை வைத்து ஜி.ஐ. எவ்வளவு இருக்கலாம் என்று மதிப்பிடலாம், இரண்டு அரிசி ரகங்களில் எது மெதுவானது என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அந்த மதிப்பீட்டைப் பாக்கெட்டில் "ஜி.ஐ. 48" என்று அச்சடிப்பது ஏமாற்று வேலை. குழாய் வயிற்றைக் காலி செய்யும் வேகத்தை அறியாது, இன்சுலினை அறியாது, கூடவே நீங்கள் சாப்பிட்ட பொரியலையும் அறியாது.

இதெல்லாம் செய்து உருப்படியாக என்ன கிடைத்தது?

ஓ.ஆர்.எஸ். பாக்கெட். 1954இல் எலியின் குடல் துண்டை, சட்டையின் கையைத் திருப்புவது போல உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, இரண்டு முனையும் கட்டி, குளுக்கோஸ் கரைசலில் மிதக்கவிட்டு எவ்வளவு உள்ளே போகிறது என்று அளக்கும் முறை வந்தது. இப்படிக் குடல் துண்டுகளை வைத்து நடந்த வேலைகளின் தொடர்ச்சியாக ஆய்வாளர் ராபர்ட் கிரேன் 1960இல் பிராக் நகரில் ஒரு கருத்தை முன்வைத்தார்: குளுக்கோஸ் தனியாக உள்ளே போவதில்லை, சோடியத்தோடு கைகோத்துத்தான் போகிறது. இரண்டும் போகும்போது தண்ணீரும் பின்னாலேயே போகும். காலராவில் உடம்பு தண்ணீரைக் கொட்டினாலும் இந்த வாசல் மட்டும் அடைபடுவதில்லை.

1971இல் வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகள் மேற்கு வங்கத்தின் பங்கான் முகாமில் காலராவில் செத்துக்கொண்டிருந்தார்கள். ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா கலந்த தண்ணீரை வாய்வழியே கொடுக்கச் சொன்னார், அவர் பராமரிப்பில் இருந்தவர்களிடையே இறப்பு 30 சதவீதம் வாக்கில் இருந்தது 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. கட்டிப்போட்ட எலிக்குடலைப் பார்த்து யாராவது "இதனால் என்ன பயன்" என்று கேட்டால் நான் சொல்வது இதைத்தான்.

விலங்கு இல்லாத முறை என்கிறீர்கள், ஆனால் பன்றி நொதி?

மாட்டிக்கொண்டேன். பெப்சின் பன்றி இரைப்பை, பேன்கிரியாட்டின் பன்றிக் கணையம், பித்தம் மாடு அல்லது பன்றி, கேகோ-2வுக்கு ஊட்டுவது கன்றுக்குட்டியின் சீரம். சோதனைக்காக எலியைக் கொல்வது குறைகிறது என்பது மட்டும் நிஜம். இவை இறைச்சிக்கூடத்தின் மிச்சங்கள். சுத்த சைவக் குடும்பத்துப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு செய்து பழகிவிடுகிறார்கள், வீட்டில் சொல்வதில்லை.

குழந்தைக்கும் வயதானவருக்கும் இதே குழாய்தானா?

கூடாது. பச்சிளம் குழந்தையின் இரைப்பை அவ்வளவு அமிலம் இல்லை. பிரான்ஸில் 2018இல் வெளியான கைக்குழந்தைச் செய்முறையில் இரைப்பை பி.எச். 5.3, ஒரே மணி நேரம், பெப்சினும் மிகக் குறைவு. பெரியவர் குழாயில் பவுடர் பாலைச் செரிக்க வைத்து "குழந்தைக்கு முழுதும் செரிக்கும்" என்று சொன்னால் நம்ப வேண்டாம். முதியவர்களுக்கும் தனிச் செய்முறை வந்துவிட்டது.

வீட்டில் ஏதாவது செய்து பார்க்கலாமா?

வாய்க் கட்டத்தை மட்டும் பார்க்கலாம். மருந்துக்கடையில் அயோடின் டிங்சர் கிடைக்கும். ஆறிய சோற்றுக் கஞ்சியை இரண்டு சின்னக் கிண்ணத்தில் ஒவ்வொரு ஸ்பூன் விடுங்கள். ஒன்றில் உங்கள் எச்சிலைச் சேர்த்துக் கலக்குங்கள், மற்றதில் அதே அளவு தண்ணீர். இரண்டையும் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் வைத்துவிட்டு ஒரு சொட்டு அயோடின். தண்ணீர் சேர்த்தது கருநீலமாகும். எச்சில் சேர்த்தது பழுப்பாகவோ வெளிறியோ நிற்கும், மாவுச்சத்து உடைந்துவிட்டது. நீலமாகவே இருந்தால் கஞ்சி கெட்டியாக இருந்திருக்கும், நீர்க்க வைத்து இன்னொரு தடவை செய்யுங்கள். முடிந்ததும் அயோடின் பட்ட கிண்ணத்தைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அந்தக் கஞ்சியை நாய்க்கும் வைக்காதீர்கள்.